‘லைட்வெயிட் ஹெவி மெஷின் கன்’: இலகுரகக் கனரகமா?

நண்பர்களுக்கு வணக்கம். ‘லைட்வெயிட் ஹெவி மெஷின் கன்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற சிக்கலோடு ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘இலகுரக கனரக இயந்திரத் துப்பாக்கி’ என்று எழுதி அனுப்பினேன். ஆசிரியர் இரண்டு ‘ரக’த்தையும் சுழித்து, பக்கத்தில் ‘எது?’ என்று மட்டும் எழுதித் திருப்பிவிட்டார்.

ஆசிரியர் கேட்டது சரிதான். ஆனால் முடிச்சு ‘கனரக’த்தில் இல்லை, ‘இலகுரக’த்தில் இருக்கிறது. ‘ரகம்’ என்றால் வகை. சரக்கு இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லாரியும் கனரக வாகனம்தான். பாரம் இல்லை என்பதற்காக ஓட்டுநர் வேறு உரிமம் எடுக்க வேண்டியதில்லை. அதுபோலத்தான் இதுவும். ஆங்கிலத்தில் ‘ஹெவி’ ரகத்தைச் சொல்கிறது, ‘லைட்வெயிட்’ எடையைச் சொல்கிறது. நாம் எடையையும் ரகமாக்கியதால்தான் இரண்டும் முட்டிக்கொள்கின்றன.

தொடக்கத்தில் ‘ஹெவி’யும் எடையைத்தான் குறித்தது. முதல் உலகப்போர்க் காலத்து விக்கர்ஸ் துப்பாக்கி, காலாட்படை ரைஃபிளின் தோட்டாவையே சுட்டது. குழலைக் குளிர்விக்கத் தண்ணீர் நிரப்பிய உறையும், முக்காலியும் சேர்ந்ததால் அது கனத்தது. ஜெர்மானியர் இன்னும் வேடிக்கை: எம்ஜி 34-ஐ இருகாலியில் வைத்தால் இலகு, முக்காலியில் ஏற்றினால் கனம். துப்பாக்கி ஒன்றே, பெயர் மட்டும் இரண்டு. இன்று கனரகம் என்றால் பெரும்பாலும் 12.7 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட குழல்விட்டம். எடை போய் விட்டம் வந்துவிட்டது, பெயர் அப்படியே நின்றுவிட்டது.

இப்படி ஒரு பொருள் எதற்கு என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அமெரிக்கரின் எம்2 பிரவுனிங்கைப் பாருங்கள். துப்பாக்கி 38 கிலோ, முக்காலி 20 கிலோ. மலையில் ஏற்ற வேண்டுமென்றால் ஒருவர் குழலைத் தோளில் போட்டுக்கொள்வார் (அதுவே 11 கிலோ), ஒருவர் உடற்பகுதியை, இன்னொருவர் முக்காலியை. தோட்டாப் பெட்டிகளைச் சுமக்க ஆள் தனி. சரி, இரும்பைக் குறைத்தால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 12.7 மி.மீ. குண்டின் உந்தம் சாதாரண 7.62 மி.மீ. குண்டைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. அந்தப் பின்னுதைப்பை வாங்கிக்கொள்வதே துப்பாக்கியின் கனம்தான். கனத்தை எடுத்தால் துள்ளும், குறி சிதறும்.

அதனால் அமெரிக்கர் தங்கள் சோதனைத் துப்பாக்கியான எக்ஸ்எம்806-இல் வேறு வழி பார்த்தார்கள். உள்ளுறுப்புகளை நீண்ட தூரம் முன்னும் பின்னும் ஓடவிட்டு உதைப்பைப் பரப்பினார்கள். எடை சுமார் 18 கிலோவுக்கு இறங்கியது. ஆனால் ஓட்டம் நீண்டால் நேரமும் நீளும். நிமிடத்துக்கு 250 குண்டு என்ற அளவில் நின்றது. எம்2 அதைப்போல இரு மடங்கு சுடும். 2012-இல் திட்டத்தைக் கைவிட்டு, பழைய எம்2-வையே எம்2ஏ1 ஆகச் சீர்செய்யப் போய்விட்டார்கள். ரஷ்யரின் என்எஸ்வி முன்பே 25 கிலோதான் (நிகிட்டின், சோகொலோவ், வோல்கோவ் மூவரின் முதலெழுத்து). நம் திருச்சி படைக்கலத் தொழிற்சாலையிலும் அதைச் செய்தார்கள் என்பதால், இந்தச் சொல்லுக்கு உள்ளூரிலும் வேலை உண்டு.

இனி வந்த பரிந்துரைகள்.

> நொய்யெடை. ‘நொய்ம்மை’ நல்ல பழந்தமிழ்.

நல்ல தமிழ்தான் ஐயா. ஆனால் இன்றைக்கு நொய் என்றால் கஞ்சி வைக்கிற குருணை. படிப்பவருக்குப் பசிதான் வரும்.

> குறையெடை?

இது ரேஷன் கடைப் புகார். ‘எடைகுறை’ என்று திருப்பிப் போட்டால் உடற்பயிற்சிக்கூட விளம்பரம்.

என் பரிந்துரை ‘சிற்றெடை’. சிற்றெடைக் கனரக இயந்திரத் துப்பாக்கி. முதல் முறை வரும்போது ‘எடை குறைந்த கனரக இயந்திரத் துப்பாக்கி’ என்று விரித்தெழுதிவிட்டு, பிறகு இதைப் போடலாம். .338 அங்குல (ஏறத்தாழ 8.6 மி.மீ.) தோட்டாவுக்கு 2012-இல் 11 கிலோவுக்குள் ஒன்று வந்ததே, ‘லைட்வெயிட் மீடியம்’ என்று? அதுவும் ‘சிற்றெடை நடுத்தர’ என்று சிக்கலில்லாமல் அமைகிறது.

> எங்கட பக்கம் சனம் ‘பிப்டி கலிபர்’ எண்டுதான் சொல்லும். கனரகம் பேப்பரில மட்டும். ஏன் ‘பெருங்குழல்’ எண்டு வைக்கேலாது?

அண்ணா, ‘பிப்டி கலிபர்’ என்பதும் .50 அங்குலம், அதாவது அதே 12.7 மி.மீ.தான். உங்கள் ‘பெருங்குழல்’ என்னுடையதைவிடத் துல்லியம், ஒத்துக்கொள்கிறேன். விட்டம்தான் இலக்கணம் என்றால் பெயரும் அதைத்தானே சொல்ல வேண்டும். ஆனால் கனரகம் இரு கரையிலும் செய்தித்தாளில் வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்குவதைவிட இலகுரகத்தை எடைக்குப் பயன்படுத்தாமல் இருப்பது எளிது. அகராதிப் பதிவில் ‘பெருங்குழல்’ இணைச்சொல்லாக இருக்கட்டும்.

எம்2ஏ1 பேச்சு வந்ததால் இன்னொன்று. பழைய எம்2-வில் குழல் மாற்றும்போதெல்லாம் ‘ஹெட்ஸ்பேஸ்’ (அடைப்பின் முகப்புக்கும் உள்ளே அமர்ந்த தோட்டாவின் அடிக்கும் இடையிலான இடைவெளி) சரிபார்க்க வேண்டும்; புதியதில் அது நிலையாக அமைந்துவிட்டது. யாராவது ‘தலைவெளி’ என்று எழுதுமுன் சொல்லிவிடுகிறேன்: அந்த ‘ஹெட்’ தோட்டாவின் அடிப்பக்கம். நான் ‘அடியிடைவெளி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் தனி இழையில் வாருங்கள்.

அன்புடன்.