பிள்ளைகளுக்கும் கொழுப்புப் பரிசோதனை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர். அப்பா 44 வயதில் மாரடைப்பில் போனார். போன மாதம் அண்ணனுக்கும் வந்தது, வயது 39. பயந்துபோய் நானும் ரத்தம் கொடுத்தேன். எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 248, மிக அதிகம்.

மருத்துவர் முதலில் என் குதிகாலைத்தான் பார்த்தார். அதன் பின்னால் உள்ள தசைநாண் கயிறு திரித்ததுபோலத் தடித்திருக்கிறது. செருப்பு கடித்த காய்ப்பு என்றல்லவா இத்தனை வருடம் நினைத்திருந்தேன்! அங்கே கொழுப்பு படிந்திருக்கிறது, இது பரம்பரைக் கொழுப்பாக இருக்கலாம், கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வேலையைக் கல்லீரல் சரியாகச் செய்வதில்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். எனக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை தொடங்கியாயிற்று.

என் மகளுக்கு 11, மகனுக்கு 8. இருவரும் ஈர்க்குச்சிகள். "களி தின்கிற பிள்ளைகளுக்கு ஏது கொழுப்பு?" என்று அம்மா திட்டுகிறார். அண்ணியோ தன் பிள்ளைகளுக்கு ஊசி குத்தவே விடமாட்டேன் என்கிறார்.

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் குழந்தைகளுக்கு இதைப் பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா? சேலமோ பெங்களூரோதான் போக வேண்டுமா? மரபணுப் பரிசோதனைக்கு எவ்வளவு ஆகும்? சிறு வயதிலேயே பிள்ளைக்கு மாத்திரை தொடங்கியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அண்ணியிடம் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.