புரொஜெக்டர்ல இன்புட் லேக் (பட்டனை அமுக்குனதுக்கும் திரையில தெரியுறதுக்கும் நடுவுல ஆகுற தாமதம்) எப்படி அளக்குறது?

ஹால்வாசி: பிஎஸ்5ல கிரிக்கெட் ஆடுறேன், பேட்டை சுத்துறதுக்குள்ள பால் ஸ்டம்பைத் தட்டிடுது. லேப்டாப்ல ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு, டூப்ளிகேட் மோட்ல (லேப்டாப்ல தெரியுறதே புரொஜெக்டர்லயும் தெரியும்) ரெண்டு திரையையும் சேர்த்து போட்டோ எடுத்தேன், ஒரு தடவ 50 மில்லிசெகண்ட் வித்தியாசம், அடுத்த தடவ 83. எதை நம்புறது?

டிம்லைட்: ரெண்டுமே 16.7ஓட மடங்கு பாருங்க ப்ரோ. 60 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 60 படம்னா, ஒரு ஃபிரேமே அவ்ளோதான், அதுக்கு நடுவுல நம்பர் மாறாது. இருபது போட்டோ எடுத்து சராசரி போடுங்க. அதுவும் லேப்டாப் திரையோட லேக் போக மீதிதான்.

ஸ்லோமோ_மணி: போட்டோவே வேணாம்ங்க. போன்ல செகண்டுக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோ வெச்சு, பட்டனும் திரையும் சேர்ந்து தெரியுற மாதிரி எடுத்து, விரல் அமுக்குனதுலருந்து பேட் அசையுற வரை ஃபிரேமை எண்ணுங்க, ஒண்ணு சுமார் 4.2 மில்லிசெகண்ட். கேமோட லேக்கும் இதுல சேரும், அதனால டிவிலயும் எடுத்து ஒப்பிடுங்க. ஆமா, கீஸ்டோன் (கோணலா விழுற படத்தை நிமிர்த்துற செட்டிங்) போட்டிருக்கீங்களா?

ஹால்வாசி: போட்டிருக்கேன், டீப்பாய் மேல கோணலா இருக்கு.

ஸ்லோமோ_மணி: அதான! படத்தை வளைச்சு நிமிர்த்தவே பல மாடல்ல நேரம் எடுக்கும். நேரா வெச்சு, கீஸ்டோனை 0 ஆக்கி, கேம் மோட் போடுங்க.

ஹால்வாசி: நாலு புக்கை அடுக்கி நேராக்கிட்டேன், சராசரி 33க்கு வந்துடுச்சு. இப்பவும் அவுட்தான் ஆகுறேன், அது வேற கதை.