சாம்பல் கிளி இறகு பிடுங்குது, யோசனை தேவை

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வளரும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. 9 வயது, 438 கிராம். மார்பிலும் தொடையிலும் இறகு போய்விட்டது, தலையில் மட்டும் அப்படியே இருக்கிறது. அலகு எட்டாத இடம் அதுதானே, ஆகவே பிடுங்குவது கிளியேதான். அலகு-இறகு நோய்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் கால்சியம் குறைவு.

இந்த இனத்தில் அடிக்கடி வருவதுதான்: இதுவரை தின்ற சூரியகாந்தி விதையில் கால்சியம் சொற்பம், ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் வரும், கால்சியத்தை உடல் ஏற்க உதவும் யுவிபி (புற ஊதா) கதிர் வராது. இப்போது காலையில் பெல்லட் (சத்துகள் சேர்த்த உருண்டைத் தீனி), மாலையில் மட்டும் கொஞ்சம் விதை. தினமும் வெறும் வயிற்றில் எடை பார்க்கிறோம். 10 சதவீதம் இறங்கினால் பழைய தீனிக்கே திரும்ப வேண்டும். வீம்புக்குப் பட்டினி கிடக்கிற சாதி இது.

கேள்வி இரண்டு. குழாய் வடிவ யுவிபி விளக்கைக் கூண்டுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள்? ஒரு பக்கம் நிழல் விட்டால் போதுமா? அடுத்தது தூக்கம்: 10 மணி நேரமாவது இருட்டு வேண்டும், ஆனால் கூடத்தில் டிவி ஓடும், துணி போட்டு மூடினால் புழுக்கம். என்ன செய்கிறீர்கள்?

பிடுங்காமல் தடுக்கும் கழுத்துப்பட்டை வேண்டாமே, அது காரணத்தைத் தொடாது. ஜோடி வாங்கச் சொல்பவர்களுக்கு: 2017 முதல் இவை சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கின்றன, நினைத்தவுடன் வாங்க முடியாது. தனிமையும் இங்கே பிரச்சினை இல்லை, பகலெல்லாம் பாட்டி கூடவே இருக்கிறார்.