புதுப்பிப்பு: இணையவழிச் சந்தைப்படுத்தல் பாடம்

கிளிநொச்சியில் இருந்தபடி கல்லூரியின் சந்தைப்படுத்தல் அறிமுகப் பாடத்தை இணையவழியில் படிப்பது சரிவருமா என்று முன்பு கேட்டிருந்தேன். சரிவருகிறது. விரிவுரைகளை இரவில் இறக்கி வைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. நேரலை வகுப்புதான் இன்னும் அறுந்து அறுந்து வருகிறது.

அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மக்கார்த்தி 1960இல் சந்தைப்படுத்தலின் கூறுகளாக வகுத்த பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என்ற நான்கையும் வைத்து ஒப்படை கேட்டார்கள். பாடத்து உதாரணங்கள் எல்லாம் பெரிய கம்பனிகள். நான் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடிக் கச்சான் (நிலக்கடலை) கடைகளை எடுத்தேன். ஏ9 வீதியால் போகிற வாகனங்கள் பிள்ளையாருக்காக நிற்கின்றன, விளம்பரமே தேவையில்லை. ஆனால் பக்கத்துக் கடையிலும் அதே கச்சான்தானே, பிறகு ஏன் சிலர் ஒரே கடைக்கே போகிறார்கள்? அம்மாவைக் கேட்டால், “அந்த அக்கா சூடாய் வறுத்துத் தருவா” என்கிறார். அதையும் எழுதிவிட்டேன். புள்ளி இன்னும் வரவில்லை.