பதில்: ‘டின்னிங்’ – ‘ஈயம் பூசுதல்’ இருக்கும்போது ‘வெள்ளீயமாக்கல்’ எதற்கு?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் கையேட்டில் சால்டரிங் அயன் (மின் இணைப்புகளை ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கருவி) பராமரிப்புப் பக்கத்தில் ‘டின்னிங்’, அதாவது அயன் நுனியின்மேல் ஈயப் படலம் ஏற்றுவது, என்பதற்கு என்ன எழுதுவது என்ற இந்த இழையில் இதுவரை வந்தவை நான்கு: வெள்ளீயமாக்கல், ஈயமேற்றம், ஈயப்படுத்தல், தகரமிடல். இவற்றில் எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. ‘ஈயம் பூசுதல்’ போதும். நாம் புதிதாக ஆக்க வேண்டிய சொல் வேறொன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

‘தகரமிடல்’ என்றால் கூரைத் தகடும் எண்ணெய் டின்னும்தான் நினைவுக்கு வரும். அவை இரும்புத் தகடுகள். ‘ஈயமேற்றம்’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதே கையேட்டில் மின்னேற்றம் வருகிறது. பத்தாம் வகுப்பு மாணவர் இரண்டையும் ஒரே வகைச் சொல்லாகத்தான் படிப்பார். ‘வெள்ளீயமாக்கல்’ இலக்கணப்படி சரி. ஆனால் ‘ஆக்கல்’ என்றாலே ஒன்று இன்னொன்றாக மாறுவது. நுனி வெள்ளீயமாக மாறுவதில்லை, அதன்மேல் ஒரு படலம் படர்கிறது, அவ்வளவே. அதுவும் வெறும் வெள்ளீயம் அன்று. பற்றவைக்க நாம் வாங்கும் ஈயக் கம்பியில் வழக்கமாக 63 பங்கு வெள்ளீயமும் (டின்) 37 பங்கு காரீயமும் (லெட்) இருக்கும், அல்லது 60க்கு 40. வெள்ளீயம், காரீயம் இரண்டையும் ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லால் சுட்ட முடிவது இங்கே நமக்கு வசதி.

> ஈயம் பூசுவது பாத்திரக்காரர் தொழில். தொழில்நுட்பக் கையேட்டில் தெருவில் கூவும் சொல்லைப் போட்டால் தரம் குறையாதா?

குறையாது ஐயா, கூடும். அவர் செய்வதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தை முதலில் அழுக்கும் களிம்பும் போகத் தேய்க்கிறார். கரியடுப்பில் துருத்தி ஊதிச் சூடேற்றுகிறார். சூடு பதமானதும் நவச்சாரத்தைத் தூவுகிறார். வெண்புகை எழுகிறது. வெள்ளீயக் குச்சியை உள்ளே தொட்டதும் உருகுகிறது, பஞ்சால் ஒரே வீச்சில் வழித்துப் பரப்புகிறார். அந்த நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. அந்த அமிலம்தான் உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடைக் கரைத்து எடுக்கிறது. வெறும் உலோகம் வெளிப்படும் அந்த நொடியில் வெள்ளீயம் அதைப் பிடித்துக்கொள்கிறது.

நம் மேசையில் நடப்பதும் இதுவே. அயன் சூடாகிறது, கம்பிக்குள் இருக்கும் பைன் பிசின் ஆக்சைடை நீக்குகிறது, ஈயம் படர்கிறது, மிகுதியைத் துடைக்கிறோம். வண்ணக் கண்ணாடிச் சாளரம் செய்பவர்கள் இன்றும் நவச்சாரக் கட்டியிலேயே அயன் நுனியைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள். வேலையும் ஒன்று, வேதியியலும் ஒன்று, பொருள்கூட ஒன்று. அந்த வேலைக்குத் தமிழில் தலைமுறைகளாகப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை விட்டுவிட்டு ஒன்றை உருவாக்கினால், பாத்திரக்காரர் கைக்கும் மாணவர் கைக்கும் இருக்கும் உறவை நாமே அறுக்கிறோம். இதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

பட்டறை வழக்கும் நம் பக்கமே நிற்கிறது. ‘ஈயம் வைக்கிறது’ என்றால் இணைப்பைப் பற்றவைப்பது. ‘ஈயம் பூசுறது’ என்றால் மேலே படலம் ஏற்றுவது. வைத்தலுக்கும் பூசுதலுக்கும் உள்ள இந்த வேறுபாடு சால்டரிங்குக்கும் டின்னிங்குக்கும் உள்ள வேறுபாடேதான். தானாக அமைந்திருக்கிறது, எடுத்துக்கொள்வோம்.

> பாத்திரத்தில் வெள்ளீயம் செம்பைக் காக்கிறது. பிட்டில் (அயன் நுனியில்) செம்பை வெள்ளீயத்திடமிருந்து இரும்புப் பூச்சு காக்கிறது. இரண்டும் நேர் எதிர். ஒரே சொல் எப்படிப் பொருந்தும்?

இந்த இழையில் வந்த மிகச் சிறந்த கேள்வி இது. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் சொல்வது முழு உண்மை. நல்ல பிட்டின் உள்ளே இருப்பது செம்பு, சூட்டைக் கடத்த அதுவே ஏற்றது. ஆனால் உருகிய வெள்ளீயத்தில் செம்பு கரையும். கவனியுங்கள், உருகுவதில்லை, கரைகிறது. செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும், அயன் அதன் பக்கத்தில்கூடப் போகாது. தண்ணீரில் உப்பு போவதைப் போல உருகிய ஈயத்துக்குள் செம்பு போய்விடுகிறது. ‘பிட் உருகிப் போச்சு’ என்று பட்டறையில் சொல்வார்கள். கையேட்டில் அதை ‘கரைந்துவிட்டது’ என்று திருத்தியே எழுத வேண்டும். வெறும் செம்புப் பிட்டுகள் குழி விழுந்து கூர் மழுங்குவதற்குக் காரணம் இதுதான். இதைக் குறைக்கவே ‘சாவ்பிட்’ என்ற கம்பி வந்தது. அதில் முன்கூட்டியே 1.5 விழுக்காடு செம்பு கலந்திருக்கும். ஏற்கெனவே செம்பு உள்ள ஈயம் பிட்டிலிருந்து மேலும் செம்பை எடுக்கும் வேகம் குறைவு.

பின்னர் செம்பின்மேல் இரும்புப் பூச்சு கொடுத்தார்கள். இரும்பும் வெள்ளீயத்தில் கரையும், ஆனால் மிக மெதுவாக. நுனிக்குப் பின்புறம் குரோமியப் பூச்சு இருக்கும், ஈயம் தண்டின்மேல் ஏறாமலிருக்க. ஆக, செம்பைக் காப்பது இரும்பு. சரி, இரும்பைக் காப்பது எது? 350 டிகிரியில் திறந்த காற்றில் நிற்கும் இரும்பு உடனே ஆக்சைடாகும், ஆக்சைடு ஏறிய இரும்பை ஈயம் தொடாது. அங்கேதான் மேலே படர்ந்த ஈயம் வருகிறது. காற்றுக்கும் இரும்புக்கும் நடுவே அது நிற்கிறது. இரும்புக்குப் பதிலாகத் தான் ஆக்சைடாகிறது. அடுத்த முறை அந்த அழுக்கோடு துடைக்கப்பட்டுப் போகிறது, புது ஈயம் அதன் இடத்துக்கு வருகிறது.

எனவே செயல் ஒன்று, விளைந்த படலத்தின் வாழ்க்கை வேறு. பாத்திரத்தில் பூசியது பல மாதம் நிற்க வேண்டும். நுனியில் பூசியது அடுத்த இணைப்பு வரை நின்றால் போதும். செயலுக்குப் பழைய சொல் சரி. இந்தத் தற்காலிகப் படலத்துக்குத்தான் பெயர் இல்லை. நாம் ஆக்க வேண்டிய சொல் அதுவே.

நான் முன்வைப்பது: காப்பு ஈயம்.

சேர்த்து எழுதினால் ‘காப்பீயம்’ என்றாகும். புணர்ச்சி சரி, ஆனால் ஒரு குறில் நெடில் வேறுபாட்டில் அது காப்பியமாகிவிடும். வகுப்பில் வாய்மொழியாகச் சொல்லும்போது குழப்பும், தட்டச்சில் தவறும், தேடுபொறியில் இலக்கியப் பக்கங்களே வரும். ஆகவே பிரித்தே எழுதுவோம். ‘நுனியீயம்’ என்ற மாற்றையும் யோசித்துப் பார்த்தேன். அது இடத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. ‘காப்பு ஈயம் விடாமல் அயனை அணைக்காதே’ என்று சொன்னால் ஏன் என்ற காரணமும் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்ததும் நுனியைப் பளபளவென்று துடைத்துவிட்டுத் தாங்கியில் வைக்கிறார்கள். ஒழுங்கான பிள்ளைகள்தான் இப்படிச் செய்வார்கள். துடைக்க வேண்டியது அடுத்த இணைப்பைத் தொடுமுன். தாங்கியில் வைக்கும்போது ஈயத்தோடுதான் வைக்க வேண்டும். பெயர் இருந்தால் இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பது எளிது.

பிட், டிப் என்பவற்றுக்கு ‘முனை’ வேண்டாம் என்ற கருத்தை வழிமொழிகிறேன். நேர்முனை, எதிர்முனை, இணைப்புமுனை எல்லாம் அதே பக்கத்தில் வரும். ‘அலகு’ அழகான சொல், ஆனால் அளவுக்குப் போய்விட்டது. ‘நுனி’ என்று வைத்து, முதல் இடத்தில் மட்டும் ‘பிட் எனப்படும் நுனி’ என்று எழுதுவோம். கடையில் போய்க் கேட்க மாணவருக்குப் ‘பிட்’ தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது எனக்கு மிக முக்கியமாகப் படுவது. இப்போதைய வரைவில் ‘ஆக்சிஜனேற்றம் அடைந்த நுனியைச் சுத்தம் செய்க’ என்று ஒரே வரி இருக்கிறது. இதனால் பிட் கெடும். நுனி கறுப்பாவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் உண்டு, மருந்தும் வேறு வேறு.

எரிந்த பிசின் ஒட்டிக் கறுப்பது ஒன்று. பட்டறையில் ‘கரி பிடிச்சிருக்கு’ என்பார்கள், அதையே எழுதலாம். பித்தளைச் சுருளில் குத்தி எடுத்தால் போய்விடும். ஈரப் பஞ்சிலும் போகும், ஆனால் பஞ்சு பிழிந்த ஈரத்தில் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. தண்ணீர் மிகுந்தால் நுனி சட்டென்று குளிர்ந்து மீண்டும் சூடேறும், பூச்சுக்கு அது நல்லதன்று. உப்பு மிகுந்த நிலத்தடி நீரானால் நுனியில் உப்புப் படியும், காய்ச்சி வடித்த நீர் நல்லது.

இரும்பே ஆக்சைடாவது இன்னொன்று. நுனி மங்கிய கருநீலமாகவோ பழுப்பாகவோ இருக்கும். ஈயத்தை வைத்தால் தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு விழும். ‘கறுத்த நுனி’ என்ற பெயரை இதற்கு மட்டும் ஒதுக்குவோம். பித்தளைச் சுருள் மட்டும் இங்கே போதாது. பிசின் தாராளமாக உள்ள கம்பியைச் சுற்றி உருக்கி, துடைத்து, மீண்டும் உருக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் நுனி மீட்கும் பசை, அதாவது பொடித்த ஈயமும் அமில உப்பும் கலந்து சிறு டப்பியில் வருவது. நவச்சாரமும் வேலை செய்யும். ஆனால் அதன் புகை கண்ணையும் மூச்சையும் எரிக்கும், சன்னல் திறந்திருக்க வேண்டும். எதைப் பயன்படுத்தினாலும் முடித்ததும் நுனியை நன்றாகத் துடைத்துப் புதிதாக ஈயம் பூசியே சர்க்யூட் பலகையைத் தொட வேண்டும். ஒட்டியிருக்கும் உப்பு பலகையில் செம்புத் தடங்களை அரிக்கும்.

பூச்சே போய்ச் செம்பு தெரிவது கடைசி நிலை. இது ‘அரித்த நுனி’. இதற்கு மருந்தில்லை, புது நுனிதான். ஈயம் பூசிக் கொஞ்ச நாள் ஓட்டலாம், ஆனால் குழி வேகமாகப் பெரிதாகும்.

இதனால்தான் வினைச்சொற்களில் கண்டிப்பு வேண்டும் என்கிறேன். பூச்சுள்ள நுனிக்குத் ‘துடை’ மட்டுமே. ‘தேய்’, ‘சுரண்டு’, ‘உரசு’ எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. ‘சுத்தம் செய்’ என்று பொதுவாக எழுதினால் கை உப்புத்தாளைத் தேடிப் போகும். உப்புத்தாள் மெல்லிய இரும்புப் பூச்சைத் தேய்த்துச் செம்பை வெளிக்கொண்டுவந்துவிடும். மலிவான அயன்களில் வரும் வெறும் செம்புப் பிட்டுக்கு மட்டும் ‘அரம் போடு’ என்று தனியாக எழுதலாம். அதற்கு அரம் போட்டு, கூர் செய்து, உடனே ஈயம் பூசுவதே முறை.

உருகிய ஈயம் உலோகத்தில் ஒட்டிப் பரவும் ‘வெட்டிங்’ என்பதற்கு ‘நனைதல்’ இயற்பியல் பாடத்துக்குச் சரி, விட்டுவிடுவோம். பராமரிப்புப் பக்கத்தில் ‘ஈயம் பிடித்தல்’ என்றே எழுதலாம். ‘பிடிக்க மாட்டேங்குது’ என்று சொல்லாத மெக்கானிக் இல்லை.

> இலங்கை வாசகர்களுக்காக ‘பற்றாசு’ என்றே எழுதக் கூடாதா?

தலைப்பிலும் சொற்பட்டியலிலும் கட்டாயம் எழுதலாம் அண்ணா. பொற்கொல்லர் பட்டறையின் பழஞ்சொல் அது. ஆனால் பற்றாசு என்பது பற்றவைக்கும் பொருளின் பொதுப்பெயர். பூசும் வேலைக்கு ஈயமே இருக்கட்டும்.

‘லெட்-ஃப்ரீ’ வகையை ‘ஈயமற்ற’ என்று மொழிபெயர்த்திருப்பதை மட்டும் உடனே மாற்ற வேண்டும். ஈயமற்ற ஈயம் என்று வாக்கியம் போய் முட்டும். ‘காரீயமற்ற’ என்பதே சரி. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு பரவிய கம்பிகள் இவை. பலரும் பயன்படுத்தும் கலவையில் 96.5 பங்கு வெள்ளீயம், 3 பங்கு வெள்ளி, 0.5 பங்கு செம்பு. 63/37 கம்பி 183 டிகிரியில் உருகும், இது 217 முதல் 220 வரை. வெள்ளீயமும் மிகுதி, சூடும் மிகுதி, ஆகவே இரும்புப் பூச்சு இதில் விரைவாகக் கரையும், விரைவாக ஆக்சைடாகவும் செய்யும். காரீயமற்ற கம்பிக்காரருக்குக் காப்பு ஈயம் இன்னும் அவசியம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இந்தச் சொற்களை வைத்துப் பராமரிப்புப் பத்தியை மாற்றி எழுதிப் பார்த்தேன். மறுப்பிருந்தால் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள்.

“புது நுனியைச் சூடேற்றும்போதே ஈயக் கம்பியை அதன்மேல் வைத்திருங்கள். ஈயம் உருகத் தொடங்கியதும் நுனி முழுவதும் பரவும்படி பூசுங்கள். ஒவ்வோர் இணைப்புக்கு முன்பும் பித்தளைச் சுருளில் துடையுங்கள். கரி பிடித்திருந்தால் இதுவே போதும். ஈயம் பிடிக்காமல் உருண்டால் நுனி கறுத்துவிட்டது, பிசினுள்ள கம்பியால் மீண்டும் ஈயம் பூசுங்கள். சூட்டைக் கூட்டுவது தீர்வன்று, 400 டிகிரிக்கு மேல் நுனி இன்னும் விரைவாகக் கறுக்கும். சில நிமிடம் வேலை இல்லையென்றால் அயனை அணையுங்கள். அணைக்குமுன் நுனியைத் துடைத்து, புதிதாகக் காப்பு ஈயம் தாராளமாக விட்டு, துடைக்காமல் அப்படியே தாங்கியில் வையுங்கள். காரீயம் நச்சு, வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.”