கிறிஸ்மஸ் தீவு – கோகோஸ்: விமானத்தில் உண்மையில் எவ்வளவு நேரம்?

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். ஜூனில் அப்பாவை (வயது 76) இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்மஸ் தீவுக்கும், அங்கிருந்து கோகோஸ் (கீலிங்) தீவுகளுக்கும் அழைத்துப் போகிறேன். தாத்தா கிறிஸ்மஸ் தீவில் பாஸ்பேட் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இங்கிருந்து சுமார் 1,300 கிலோமீட்டரில் இருக்கும் தீவுக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் வரை போய்ச் சுற்றி வருவது தனிக்கூத்து.

சிக்கல் அப்பாவின் கையடக்க ஆக்சிஜன் கருவி. பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஓடும் அளவுக்கு பேட்டரி கேட்கிறார்கள் விமான நிறுவனத்தார். கருவியின் ஆக்சிஜன் வேகத்தை இரண்டாம் அளவில் வைத்தால் ஒரு பேட்டரி 4 மணி நேரம் வரும். இருப்பதே இரண்டு, பெர்த்திலிருந்து வரும்போதே ஒன்று தீர்ந்துவிடும்.

இரண்டு தீவுகளுக்கும் இடையே வரைபடத்தில் அளந்தேன், நேர்கோட்டில் சுமார் 985 கிலோமீட்டர். விமான நேரத்தை ஓர் இணையத்தளம் 1 மணி 20 நிமிடம் என்கிறது, இன்னொன்று 1 மணி 45. டிக்கெட்டிலோ கிளம்பும் நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம்! கோகோஸ் கடிகாரம் கிறிஸ்மஸ் தீவைவிட அரை மணி பின்னால் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. விமான நிறுவனத்துக்குப் போன் போட்டு 40 நிமிடம் பாட்டுக் கேட்டதுதான் மிச்சம். அப்புறம், கிறிஸ்மஸ் தீவில் மேகம் தாழ்ந்தால் தரையிறங்காமல் திருப்பிவிடுவதும் உண்டு.

இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: கதவு மூடியதிலிருந்து கோகோஸில் திறக்கும்வரை எத்தனை நிமிடம் ஆனது?