மறு: டேப்பர், ஆடியன்ஸ் ரெக்கார்டிங் – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்ங்க. நம் ஊர் ஆட்டம் பாட்டுப் பதிவுகளின் தொகுப்புக்குச் சொல் தேடுகிறோமே, அதன் தொடர்ச்சி இது.

> டேப்பருக்குப் 'பதிவர்' என்றே வைத்துவிடலாமே. சின்னதாக இருக்கிறது.

சின்னதுதான். ஆனால் வலைப்பூ எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு ரொம்ப நாளாயிற்று. 'ஒலிப்பதிவாளர்' என்றால் ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வேலை செய்பவர். டேப்பர் இந்த இரண்டும் இல்லை. டிக்கெட் வாங்கி உள்ளே போய், சொந்த மைக்கில் கச்சேரியைப் பதிந்து, காசு வாங்காமல் அடுத்த ரசிகருக்குக் கொடுப்பவர். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் ராக் குழு 1984 அக்டோபரில் இவர்களுக்கென்று அரங்கிலேயே தனி இடம் ஒதுக்கியது. பதிவை விற்கக் கூடாது என்பது நிபந்தனை. கேசட் காலத்தில் வெற்றுக் கேசட்டையும் திருப்பி அனுப்பத் தபால் செலவையும் கொடுத்தால் பதிவு வீடு தேடி வந்தது. ஆகவே முந்தைய மடலில் ஒருவர் சொன்ன 'திருட்டுப் பதிவு' இதற்குப் பொருந்தாது. அதை அனுமதியில்லாமல் எடுத்து விற்கிற பூட்லெக்குக்கு வைத்துக்கொள்வோம்.

என் முன்மொழிவு 'ஒலிபிடிப்பவர்'. படம் பிடிக்கிறோம், கேசட் காலத்தில் பாட்டும் பிடித்தோம். 'ஒலிபற்றுநர்' இலக்கணப்படி அழகுதான். ஆனால் காங்கேயம் பக்கம் ஒரு கோயில் நோம்பியில் மைக்கோடு நிற்கிற பையனிடம், "தம்பி, நீங்க ஒலிபற்றுநருங்களா?" என்று கேட்டால் போலீஸ் என்று நினைத்துக்கொள்வான்.

> ஆடியன்ஸ் ரெக்கார்டிங் – அவைப்பதிவு. சவுண்ட்போர்டு – மேடைப்பதிவு.

இதுதான் எனக்கு ஒப்பவில்லை. சவுண்ட்போர்டு என்பது மிக்சரிலிருந்து நேரே வயரில் எடுப்பது. மேடை ஓரத்தில் மைக்கை வைத்துப் பிடித்தாலும் மேடைப்பதிவுதானே? அதைவிட, நம் ஆட்டங்களுக்கு மேடை எங்கே இருக்கிறது? வள்ளி கும்மியில் ஆசிரியர் மைக்கில் பாடுகிறார். வட்டத்தில் ஆடுகிறவர்களின் கைத்தட்டும் கால்வைப்பும் பெரும்பாலும் மைக்குக்கு எட்டுவதில்லை. மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து வயர் போட்டு எடுத்தால் ஆசிரியர் தனியாகப் பாடுவது போலத்தான் கேட்கும், கும்மியே காணாமல் போயிருக்கும். கூட்டத்துக்குள் நின்று பிடித்தால்தான் ஆட்டம் வரும். ராக் கச்சேரியில் சவுண்ட்போர்டுக்கே மதிப்பு அதிகம், இங்கே தலைகீழ். துடும்புக்கும் பறைக்கும் பல இடங்களில் மைக்கே கிடையாது, அப்புறம் மிக்சருக்கு என்ன வேலை?

எனவே ஒலி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சொல் காட்டட்டும்: 'மிக்சர் பதிவு', 'கூட்டப் பதிவு'. மிக்சரைத் தமிழாக்கத் தேவையில்லை, எல்லா மைக் செட்காரரும் அப்படித்தான் சொல்கிறார்கள். 'அவை' என்றால் உட்கார்ந்து கேட்பவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்; நோம்பியில் பாதிப் பேர் நின்றுகொண்டும் மீதிப் பேர் ஆடிக்கொண்டும் இருப்பார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட முடியாது. 2002இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் நேரடி இசைக்கென்று தனித் தொகுப்பு தொடங்கியது. 2005 இறுதியிலிருந்து அங்கே டெட் குழுவின் மிக்சர் பதிவுகளைக் கேட்க மட்டுமே முடியும். கூட்டப் பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம். அனுமதியே இந்த இரண்டு சொற்களைப் பார்த்துத்தான் பிரிகிறது. நாளைக்கு நம் தொகுப்பிலும் ஆசிரியர் ஒன்றுக்குச் சம்மதித்து மற்றதற்கு மறுக்கலாம்.

'களப்பதிவு' வேண்டாம். 1965இல் மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பகுதியில் அண்ணமார் என்ற நாட்டார் கதைப்பாடலை நாடாவில் எடுத்தாரே, அது களப்பதிவு. ஆராய்ச்சிக்காக எடுப்பதும் ரசிகர் எடுப்பதும் ஒரே பெயரில் இருந்தால் யாரிடம் என்ன கேட்டு எடுத்தது என்பது குழம்பும்.

செட்லிஸ்டுக்குப் 'பாட்டு வரிசை' போதும், அதற்கு மடல் வளர்க்க வேண்டாம்.

கோபியிலிருந்து

—

அண்ணா, கூட்டப் பதிவுக்கு என் ஓட்டு. ஒலிபிடிப்பவர் பேச்சுக்குச் சரி, ஆனால் கோப்பு விவரத்தில் பெயர்க் கட்டம் சின்னது. அங்கே 'பிடித்தவர்' என்று மட்டும் போட்டுவிடலாமா? அதற்குக் கீழே 'யாரைக் கேட்டு' என்று இன்னொரு கட்டம் கட்டாயம் வேண்டும். காலியாக விட்டால் கோப்பு ஏறக் கூடாது. மைக், ரெக்கார்டர், எந்த வடிவத்திலிருந்து எந்த வடிவத்துக்கு மாற்றியது என்ற தொடருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. 'பதிவு வழி' என்று தோன்றுகிறது. யாராவது மறுத்தால் நல்லது.

பொள்ளாச்சியிலிருந்து